ஒலிநிறமும் தமிழ் இசைத் திறனாய்வும்: மின் ஆர்கனின் இழுகோல்கள் உணர்த்துவன

முன்னுரை

தமிழில் இசை பற்றி எழுதப்படும் கட்டுரைகளை ஒருசேர வைத்து நோக்கினால் அவை பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சுற்றியே அமைவதைக் காணலாம். பாடலின் சொல்லும் பொருளும் முதலாவது. அது அமைந்த பண் அல்லது இராகம் இரண்டாவது. தாளம் மூன்றாவது. இம்மூன்றனுக்கும் நம்மிடம் நெடிய மரபும் செறிந்த கலைச்சொற்களும் உள்ளன. ஆனால், ஒரு திரைப்பாடலோ பக்திப்பாடலோ தொடங்கியவுடன் கேட்பவர் செவி முதலில் பற்றிக்கொள்வது இம்மூன்றில் ஒன்றையும் அன்று. குழலா, வீணையா, ஆர்மோனியமா, மின் விசைப்பலகையா என்று ஒலியின் தன்மையைத்தான் செவி முதலில் அறிகிறது. சொல் வருவதற்கு முன்பும், இராகம் உருப்பெறுவதற்கு முன்பும் இவ்வறிவு நிகழ்ந்துவிடுகிறது.

ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலிக்கும் இரண்டு ஒலிகளை வேறுபடுத்திக் காட்டும் இப்பண்பை இக்கட்டுரை ‘ஒலிநிறம்’ எனக் குறிக்கிறது. தமிழ் இசைத் திறனாய்வு ஒலிநிறத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் ‘இனிமை’, ‘கம்பீரம்’, ‘குழைவு’ என்னும் சில பொதுச்சொற்களோடு நின்றுவிடுகிறது என்பதும், இக்குறையை நீக்குவதற்கு மின் ஆர்கனின் இழுகோல் அமைப்பு நல்ல வழிகாட்டியாக உதவும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ‘டிராபார்’ என்று இசைக்கலைஞர் வழங்குவதையே ஈண்டு இழுகோல் என்கிறோம். ஓர் அயல்நாட்டு இயந்திரத்தின் நுட்பம் தமிழ்த் திறனாய்வுக்கு எவ்வாறு உதவும் என்னும் ஐயம் எழுவது இயல்பு. அவ்வையத்திற்கு விடை காணும் முன் அக்கருவி இயங்கும் முறையை அறிந்துகொள்வது தேவையாகிறது.

இழுகோல்களின் அமைப்பு

அமெரிக்காவின் சிகாகோ நகரில் மின்கடிகாரங்கள் செய்துவந்த லாரன்ஸ் ஹாமண்ட் 1934 இல் காப்புரிமை பெற்று, 1935 இல் தம் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் அடிப்படை எளியது. ஒரு நாணயத்தை ஒத்த எஃகுச் சக்கரம் சுழல்கிறது. அதன் விளிம்பில் பற்கள் உள்ளன. விளிம்பருகே கம்பிச்சுருள் சுற்றிய ஒரு காந்தம் நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் சிறு மின்னலை எழுகிறது. நொடிக்கு எத்தனை பற்கள் கடக்கின்றனவோ அதுவே அவ்வொலியின் அதிர்வெண். இத்தகைய சக்கரங்கள் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே மின்னோடியால் சுழற்றப்படுகின்றன. ஒவ்வொரு சக்கரமும் தருவது ஏறத்தாழக் கலப்பற்ற தனியொலி. அத்தனியொலியை மட்டும் கேட்டால் வெறுமையாக, நிறமற்றதாகத் தோன்றும்.

நிறம் சேர்ப்பவை இழுகோல்கள். ஒரு விசையை அழுத்தும்போது ஒன்பது சக்கரங்களின் ஒலிகள் ஒருங்கே கிடைக்குமாறு கருவி அமைக்கப்பட்டுள்ளது. அவ்வொன்பதில் ஒவ்வொன்றும் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதை அதற்குரிய இழுகோல் முடிவு செய்கிறது. கோலை முற்றும் உள்ளே தள்ளினால் 0. முற்றும் வெளியே இழுத்தால் 8. இடையில் ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 3 டெசிபல் வேறுபாடு உண்டு. ஒன்பது கோல்களுக்கு ஒன்பது நிலைகள் வீதம் கணக்கிட்டால் 38 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் கிடைக்கும். இவற்றுள் மிகப் பல செவிக்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

கோல்களின் மேல் 16, 5⅓, 8, 4, 2⅔, 2, 1⅗, 1⅓, 1 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவை குழாய் ஆர்கன் மரபிலிருந்து வந்த அடிக்கணக்கு. விசைப்பலகையின் மிகத் தாழ்ந்த விசைக்குரிய திறந்த குழாய் ஏறத்தாழ 8 அடி நீளமுடையது. எனவே விசைக்குரிய இயல்பான சுரம் 8 எனப்பட்டது. குழாயின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும். 8 ஐ 2, 3, 4, 5, 6, 8 ஆகிய எண்களால் வகுத்தால் முறையே 4, 2⅔, 2, 1⅗, 1⅓, 1 என்னும் எண்கள் வருவதைக் காணலாம். அதாவது இவை அடிப்படைச் சுரத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஆறாம், எட்டாம் சீரிசைகள். கோலாலம்பூரில் 1998 இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் இசையரங்கில் உள்ள கிளைஸ் நிறுவனக் குழாய் ஆர்கனிலும் இதே அடிக்கணக்கே வழங்குகிறது. அங்குக் காற்றும் குழாயும் செய்வதை இங்குச் சக்கரமும் கோலும் செய்கின்றன.

இவ்வெண்களைத் தமிழ் இசை அறிந்தோர் தம் மொழியிலேயே படிக்கலாம். அழுத்திய விசையைச் சட்சமாகக் கொண்டால் 16 என்பது மந்திரச் சட்சம். 5⅓ என்பது அழுத்திய விசையின் நிலையிலேயே வரும் பஞ்சமம். 8 என்பது சட்சம். 4 என்பது தாரச் சட்சம். 2⅔ என்பது தாரப் பஞ்சமம். 2, 1⅗, 1⅓ ஆகிய மூன்றும் அதற்கும் மேல்நிலையில் வரும் சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம். 1 என்பது இன்னும் ஒரு நிலை மேற்பட்ட சட்சம். பண்டைத் தமிழ்ச் சுரப்பெயர்களைப் பொதுவாகக் கொள்ளப்படும் முறையில் பொருத்தினால் குரல், இளி, கைக்கிளை என்னும் மூன்றே பெயர்களுக்குள் ஒன்பது கோல்களும் அடங்கிவிடுகின்றன. சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டும்போது யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து ஒலிப்பதை இசைவாணர் நெடுங்காலமாக அறிவர். 1⅗ என்னும் கோல் வெளிப்படையாகத் தருவது, தம்புராவின் நாதத்தில் மறைந்திருக்கும் அக்காந்தாரத்தின் இடத்தையேயாகும்.

மூன்று சேர்க்கைகளைச் சான்றாகக் காணலாம். 8 அடிக்கோலை மட்டும் இழுத்து ஏனையவற்றை உள்ளே தள்ளினால் (00 8000 000) மென்மையாக ஊதிய குழலை ஒத்த ஒலி பிறக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய ஒற்றைச் சீரிசைகளை மட்டும் சேர்த்தால் (00 8080 800) கிளாரினெட்டை நினைவூட்டும், உள்ளீடற்ற மரக்குழாய்த் தன்மை வாய்ந்த ஒலி வருகிறது. ஒரு முனை மூடியதைப் போன்று இயங்கும் நேர்குழாயில் ஒற்றைச் சீரிசைகள் மேலோங்கும் என்பதே இதன் காரணம். ஒன்பதையும் முற்றும் இழுத்தால் (88 8888 888) அரங்கை நிரப்பும் பேரொலி எழுகிறது. மூன்றிலும் அழுத்திய விசை ஒன்றே, சுரமும் ஒன்றே. மாறியது சேர்க்கை மட்டுமே.

இவ்விடத்தில் மலேசியாவுக்குரிய ஒரு செய்தியும் உண்டு. ஹாமண்டின் மின்னோடி மின்வழங்கலின் அலைவெண்ணுக்கு இசைந்தே சுழலும். அமெரிக்காவில் அது நொடிக்கு 60. நம் நாட்டில் 50. ஆகவே, அமெரிக்க மின்முறைக்கெனச் செய்யப்பட்ட ஒரு கருவியை இங்கு உரிய மாற்றியின்றி இயக்கினால் அனைத்துச் சுரங்களும் 6:5 என்னும் விகிதத்தில் தாழும். கருநாடக இசையில் சட்சத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடையிலான விகிதமும் அதுவே. ஆனால், எல்லாச் சீரிசைகளும் ஒரே விகிதத்தில் தாழ்வதால் அவற்றின் சேர்க்கை குலைவதில்லை. சுருதியும் ஒலிநிறமும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இயந்திரத்தின் எல்லைகள்

இழுகோல்கள் ஒலிநிறம் முழுவதையும் தருகின்றன என்று கொள்வது தவறாகும். அவ்வாறு உரிமை கொண்டாடிய நிறுவனமே அதற்காக விசாரிக்கப்பட்டது. குழாய் ஆர்கனின் ஒலிநிறங்கள் அனைத்தையும் தம் கருவி தரும் என்னும் விளம்பரம் தொடர்பாக அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் ஹாமண்ட் நிறுவனத்தை விசாரித்தது. அதன் தொடர்பில் சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் குழாய் ஆர்கனையும் மின் ஆர்கனையும் மறைவில் இசைத்துக் கேட்போரைக் கொண்டு சோதித்தனர். துறை வல்லுநரும் பல இடங்களில் மாற்றிச் சொன்னார்கள். எனினும், 1938 இல் அவ்விளம்பரக் கூற்றைக் கைவிடுமாறு ஆணையம் பணித்தது.

எல்லைகள் மூன்றாக அமைகின்றன. முதலாவது, சேர்க்கையின் எல்லை. எட்டாம் சீரிசைக்கு மேல் கோல்கள் இல்லை. ஏழாம் சீரிசைக்கும் கோல் இல்லை. பன்னிரு சமநிலைச் சுரங்களுள் எதுவும் அதற்கு அருகில் வாராமையே அதற்குக் காரணம். மேலும், ஐந்தாம் சீரிசைக்கெனத் தனிச்சக்கரம் அமைக்கப்படவில்லை. அருகிலுள்ள விசையின் சக்கரமே கடன் வாங்கப்படுகிறது. இயற்கையான அந்தர காந்தாரம் சட்சத்திலிருந்து 386 சென்ட் தொலைவில் நிற்க, கருவி தருவது 400 சென்ட் அளவிலான சமநிலைக் காந்தாரம். பஞ்சமத்தில் இவ்வேறுபாடு இரண்டே சென்ட். காந்தாரத்திலோ ஏறத்தாழ பதினான்கு. எனவே, பிற கருவிகளில் சுரங்களுக்கு இடையே மட்டும் நிகழும் சமநிலைப் பிசகு, இக்கருவியில் ஒரே சுரத்தின் உள்ளும் குடிகொண்டுள்ளது. ஹாமண்டின் தனித்த நிறத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, தொடக்கத்தின் எல்லை. வீணையின் மீட்டலும் நாகசுரத்தின் சீவாளி பற்றும் கணமும் ஒலியை அடையாளப்படுத்துவதில் பெரும்பங்கு கொள்கின்றன. இழுகோல்கள் நிலைத்த ஒலியை மட்டுமே வகுக்கின்றன. விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் உரப்பு மாறுவதில்லை. ஆயினும், விசையின் கீழுள்ள ஒன்பது தொடர்புமுனைகள் சிறு கால வேறுபாட்டுடன் இணைவதால் ‘டக்’ என்னும் ஒரு சிற்றொலி எழுகிறது. பொறியாளர் இதனைக் குறையாகக் கருதிக் குறைக்க முயன்றனர். ஜாஸ் கலைஞரோ இதனைத் தாளத்தின் கூராக விரும்பினர். 1950களின் நடுப்பகுதியில் வந்த பி-3 வகையில் இரண்டாம் அல்லது மூன்றாம் சீரிசை தொடக்கத்தில் மட்டும் ஒலித்து மறையும் வசதி சேர்க்கப்பட்டது. முதல் மூன்று கோல்களை முற்றும் இழுத்து (88 8000 000) இவ்வசதியோடு வாசித்த ஜிம்மி ஸ்மித்தின் ஒலி ஒரு மரபாகவே நிலைத்தது.

மூன்றாவது, அசைவின் எல்லை. நிலைத்த சேர்க்கை செவிக்கு விரைவில் சலிக்கும். டான் லெஸ்லி 1940களின் தொடக்கத்தில் உருவாக்கிய சுழல் ஒலிபெருக்கி இதற்குத் தீர்வாயிற்று. ஊதுகுழலும் உருளையும் சுழலும்போது ஒலி நம்மை நோக்கி வந்தும் விலகியும் செல்வதால் சுருதியும் உரப்பும் நுண்ணிதின் அலைகின்றன. ஆனால், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை எத்தனை கோல்கள் இருப்பினும் இக்கருவி தாராது.

எனவே, ஒலிநிறத்தை விளக்க முற்படும் திறனாய்வாளர் சேர்க்கை, தொடக்கம், அசைவு என்னும் மூன்றையும் பிரித்துக் கூற வேண்டும். இழுகோல்கள் முதலாவதைக் கண்ணுக்குப் புலனாக்குவதோடு, தம் போதாமையின் வாயிலாக ஏனைய இரண்டையும் உணர்த்துகின்றன.

தமிழ் மரபில் ஒலிநிறம்

இம்மூன்றும் தமிழுக்குப் புதியனவா என்பது அடுத்த வினா. தொல்காப்பியப் பிறப்பியல் இதற்கு நல்ல விடை தருகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று ஒன்றே; அது நெஞ்சு, மிடறு, தலை முதலிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறு வேறு எழுத்தொலியாகிறது என்பது அவ்வியலின் சாரம். ஒரே சுருதியில் ஊ, ஓ, ஆ, ஈ என்று மாற்றிப் பாடினால் மாறுவது ஒலிநிறமே. ஜெர்மானிய அறிவியலறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863 இல் வெளியிட்ட தம் நூலில் உயிரொலிகளைச் சீரிசைகளின் சேர்க்கையாக விளக்கினார். இசைக்கவைகளைக் கொண்டு அவற்றைச் செயற்கையாக எழுப்பியும் காட்டினார். ஹாமண்டின் ஒன்பது கோல்கள் அவ்விசைக்கவைகளின் வழித்தோன்றல்கள் எனலாம். தொல்காப்பியம் பிறப்பிடத்தை நோக்கியது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளைவை அளந்தார். இருவர்க்கும் பொருள் ஒன்றே. எழுத்ததிகாரம் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் ஒலிநிற இலக்கணத்தையும் உடன் கற்பிக்கிறார் என்பது நாம் பெரும்பாலும் கருதிப் பாராத உண்மை.

சங்க இலக்கியத்தின் வினைச்சொற்களும் இத்தகையன. வண்டு முரல்கிறது, பறை கறங்குகிறது, வளை நரல்கிறது, மயில் அகவுகிறது, முரசு இரங்குகிறது, கடல் இமிழ்கிறது. இவை ஒன்றுக்கே உரியனவாக எங்கும் வரையறுக்கப்பட்டவை அல்ல. இடம் மாறியும் வழங்கும். எனினும், ஒலி எழும் விதத்தையும் அது நீளும் விதத்தையும் கருதியே புலவர் இச்சொற்களைத் தெரிந்தனர் என்பது தெளிவு. முரல்தல் தொடர்ந்து நீளும் ஒலி. கறங்குதல் அடித்து எழும் ஒலி. சேர்க்கை, தொடக்கம், அசைவு என்னும் பகுப்பு இச்சொற்களுள் விதைபோல் கிடக்கிறது. மலைபடுகடாம் பாணர் சுமந்து செல்லும் முழவு, ஆகுளி, பாண்டில், குழல், எல்லரி, பதலை முதலிய கருவிகளை அடுக்குகிறது. தூம்பின் ஒலியை யானையின் உயிர்ப்போடு இணைக்கிறது. பின்னர் நவிர மலையில் எழும் பல்வேறு ஒலிகளையும் நிரல்படத் தொகுக்கிறது. அப்பாட்டின் பெயரே மலையில் எழும் ஒலிகளை யானையின் மதத்தோடு உருவகித்ததால் வந்தது என்பர். ஒலிநிறத்தைப் பாடுபொருளாகக் கொண்ட பெரும்பாட்டு ஒன்று நம்மிடம் உள்ளது என்பதை இசைத் திறனாய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் இருபதாம் நூற்றாண்டில் தமிழிசை ஆய்வு சுருதிக் கணக்கின் வழியே சென்றது. ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் ஒரு நிலையை இருபத்துநான்கு சம அலகுகளாகப் பகுக்கும் முறையை நிறுவ முயன்றார். சமநிலைப் பகுப்பு என்னும் கோட்பாட்டளவில் அவரும் ஹாமண்டும் ஒரே கணிதத்தில் நிற்பது கருதத்தக்கது. அறிவியல் பயிற்சி மிக்க விபுலானந்த அடிகள் 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் மறைந்துபோன யாழ்களின் அமைப்பையும் சுர அளவுகளையும் கணித்தார். இவர்கள் உழைப்பால் ‘எந்தச் சுரம்’ என்னும் வினாவுக்குத் தமிழ் உறுதியாக விடை கூறுகிறது. ‘எத்தகைய ஒலி’ என்னும் வினா பின்தங்கிவிட்டது. பின்வந்தோர் அதனைத் தொடர்ந்திருக்க வேண்டும்.

பிரித்தறியாமையின் விளைவு

இக்குறை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதற்கு ஆர்மோனியத்தின் வரலாறு சான்றாகும். அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971 இல்தான் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கருவியும் அதனை வாசித்தோரும் வானலையில் இடம் பெறவில்லை. தமிழ் நாடக மேடையை எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோர் ஆண்ட காலத்தில் அம்மேடையின் உயிர்நாடியாக விளங்கிய கருவி இது என்பதை இங்கு எண்ணிப்பார்த்தல் தகும்.

ஆர்மோனியத்துக்கு எதிராகக் கூறப்பட்ட வாதங்கள் வேறு வேறு தன்மையன. அது சமநிலைச் சுரங்களைக் கொண்டது என்பது சுருதி பற்றிய வாதம். அதில் கமகம் எழாது என்பது அசைவு பற்றிய வாதம். அதன் ஒலி கரடுமுரடானது என்பது ஒலிநிறம் பற்றிய வாதம். அது அயலது என்பது பண்பாட்டு வாதம். இவை நான்கும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு ஒரே தீர்ப்பாக வழங்கப்பட்டன. பிரித்து நோக்கினால் அவற்றின் வலிமை ஒன்றுபோல் இராது. அயலது என்னும் வாதம் வயலினைத் தம் இசையாக்கிக்கொண்ட கருநாடக இசையின் முன் நில்லாது. சமநிலை பற்றிய வாதம் வலியது. ஆனால், நாவுகளை மீண்டும் சுருதி சேர்த்து அதனைத் திருத்த இயலும். கமகம் பற்றிய வாதம் மிக வலியது. அதனை மறுத்தல் இயலாது. ஒலிநிறம் பற்றிய வாதமோ ஆராயப்படவே இல்லை. ஆர்மோனியத்தில் தாழ்ந்த நாவு வரிசை, உயர்ந்த நாவு வரிசை ஆகியவற்றைத் திறந்தும் மூடியும் நிறத்தை மாற்றலாம். இழுகோல் அமைப்பின் எளிய முன்வடிவமாக இதனைக் கொள்ளலாம். இடைப்படிகள் இல்லாத குறை மட்டுமே உண்டு.

சிகாகோவில் ஒரு விளம்பரக் கூற்றை மறுப்பதற்கும் கேட்போரின் செவியைச் சோதித்தனர் என்பதை இதனோடு ஒப்பிட்டால், கலைச்சொல்லின் வறுமை எத்தகைய தீர்ப்புகளுக்கு இடமளிக்கும் என்பது விளங்கும்.

திரையிசையில் ஒலிநிறம்

திரைப்பாடல்களை ஆராய்வோர் ‘இது இன்ன இராகம்’ என்று கண்டுரைப்பதையே பெரும்பணியாகக் கொள்கின்றனர். ஆனால், திரையிசையில் பொருளை முதலில் உணர்த்துவது ஒலிநிறமே. 1954 இல் வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்திப்படத்தின் பாம்பாட்டி இசை இதற்குச் சிறந்த சான்று. ஹேமந்த் குமார் இசையமைத்த அப்படத்தில் மகுடியாக ஒலித்தது மகுடியன்று. கல்யாண்ஜி வீர்ஜி ஷா வாசித்த கிளாவியோலின் என்னும் சிறு மின் விசைப்பலகையே அது. அக்கருவியில் இழுகோல்கள் இல்லை. நிறங்களைத் திறக்கவும் மூடவும் வல்ல சிறு நாக்குகளே உண்டு. மேற்சீரிசைகள் மிகுந்த, மூக்கொலி சார்ந்த ஒரு சேர்க்கையும் நடுங்கும் அசைவும் மகுடியை நம் செவியில் எழுப்பப் போதுமானவையாயின. நாகசுரக் கலைஞர் புன்னாகவராளியில் வாசிக்கும் மகுடியை நாம் அறிவோம். அதே புன்னாகவராளியைப் பியானோவில் வாசித்தால் பாம்பு நினைவு அவ்வளவு விரைவில் வாராது. இராகத்தோடு ஒலிநிறமும் சேர்ந்தே அப்பொருளைத் தாங்குகிறது.

தமிழ்ப் படங்களில் தேவாலயக் காட்சிகள் ஆர்கன் ஒலியோடு தொடங்குவது மரபாகிவிட்ட ஒன்று. கேளிக்கை விடுதிக் காட்சிகளிலும் மின் ஆர்கன் ஒலித்துள்ளது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கருவி ஓரிடத்தில் வழிபாட்டையும் மற்றோரிடத்தில் களியாட்டத்தையும் உணர்த்துவது எவ்வாறு? தாழ்ந்த கோல்கள் நிறைந்த, மெல்ல மாறும், எதிரொலி சூழ்ந்த சேர்க்கை முன்னதற்கு ஏற்கும். மேற்கோல்கள் கூர்ந்த, ‘டக்’ என்னும் தொடக்கமுடைய, விரைந்து சுழலும் சேர்க்கை பின்னதற்கு ஏற்கும். ‘ஆர்கன் ஒலிக்கிறது’ என்று மட்டும் எழுதும் திறனாய்வு இவ்வேறுபாட்டைத் தவறவிடுகிறது. சொல்லாராய்ச்சியில் ‘ஒரு பெயர்ச்சொல் வருகிறது’ என்று கூறி நிறுத்துவதற்கு இஃது ஒப்பாகும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

டெங்கில் வட்டாரத் தமிழாசிரியர் சிலரோடு இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. புத்ராஜெயா உருவாக்கத்துக்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் குடியமர்த்தப்பட்டமை பலரும் அறிந்ததே. தோட்டத்துக் கோயில்களின் உறுமியும் பஜனை ஆர்மோனியமும் இவ்வட்டாரத்து முதியோர் செவியில் இன்னும் உள்ளன. கணினியில் இயங்கும் ‘செட்பீஃப்ரீ’ என்னும் கட்டணமற்ற மென்பொருள் ஹாமண்டின் இழுகோல்களைத் திரையில் காட்டி ஒலிக்கச் செய்கிறது. அதனைக் கொண்டு ஒரே மெட்டை முற்கூறிய மூன்று சேர்க்கைகளிலும் வாசித்துக் காட்டி, வேறுபாட்டை எழுதுமாறு கேட்கப்பட்டது.

முதலில் எழுதப்பட்டவை ‘இனிமை’, ‘மிக இனிமை’, ‘கம்பீரம்’ என்னும் சொற்களே. எழுதுவதை விடுத்துப் பேசுமாறு கேட்டபோது நிலைமை மாறியது. ஒற்றைச் சீரிசைச் சேர்க்கையைக் கேட்ட ஒருவர், “சளிப் பிடிச்ச ஆளு மூக்கடைச்சிப் பாடுற மாதிரி இருக்குங்க சார்” என்றார். தோட்டத்தில் வளர்ந்த மூத்த ஆசிரியை ஒருவர், “இல்லைங்க, வெறும் மூங்கிலுக்குள்ள ஊதுனா இப்படித்தான் கேக்கும்” என்று திருத்தினார். உள்ளீடற்ற குழாய் என்னும் இயற்பியல் விளக்கத்தை அவர் செவி முன்பே அறிந்திருந்தது. பேச்சுத்தமிழில் இருக்கும் இந்நுண்மை எழுத்துத்தமிழுக்கு வரும்போது ‘இனிமை’யாகச் சுருங்கிவிடுகிறது. குறை செவியில் இல்லை. நாம் கற்பித்த கட்டுரை நடையில் உள்ளது.

இத்தகைய சோதனைக்கு மென்பொருளும் இன்றியமையாததன்று. மாணவரை ஒரே சுருதியில் ஊ, ஓ, ஆ, ஈ என்று பாடச் செய்து வேறுபாட்டைச் சொல்லச் சொன்னால் போதும். அதன்பின் ஒரு பாடலின் முதற்பத்து நொடிகளைக் கேட்பித்து மூன்று வினாக்களை எழுப்பலாம். ஒலி மெலிந்ததா, நிறைந்ததா, கூர்ந்ததா? அது எவ்வாறு தொடங்குகிறது? தொடங்கியபின் நிலைத்து நிற்கிறதா, அசைகிறதா? இவ்வினாக்களுக்கு விடையெழுதும் மாணவர் முரல், கறங்கு, இமிழ் என்னும் சொற்களைப் பொருளுணர்ந்து பயன்படுத்தும் வாய்ப்பையும் பெறுவர். சங்கச் சொற்களை உரைநூலில் மட்டும் காணும் தலைமுறைக்கு இது சிறிய பயனன்று.

முடிவுரை

மின் ஆர்கனின் இழுகோல்கள் நாதம் என்பது பிரித்தறியக் கூடிய ஒரு சேர்க்கை என்பதை ஒன்பது எண்களில் காட்டுகின்றன. அவ்வெண்களைக் குரல், இளி, கைக்கிளை என்று தமிழிலேயே படிக்க முடிகிறது. அவை எட்டாத இடங்களான தொடக்கத்தையும் அசைவையும் நம் பழம்புலவர் வினைச்சொற்கள் தொட்டுக் காட்டுகின்றன. எண்கள் மட்டும் இருப்பின் விளக்கம் வறண்டுபோகும். சொற்கள் மட்டும் இருப்பின் சரிபார்க்க இயலாததாகும். இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தும் ஒரு திறனாய்வு முறை தமிழில் உருவாக வேண்டும்.

அதற்கான முதற்பணிகள் இரண்டு. சங்க இலக்கியம் முதல் நாட்டார் வழக்கு வரையுள்ள ஒலிச்சொற்களைத் திரட்டி, ஒலிப்பதிவுகளோடு இணைத்த ஓர் அகராதி ஆக்கப்பட வேண்டும். நம் நாட்டுத் தோட்டப்புற முதியோரின் பேச்சுவழக்கும் அதில் இடம்பெற வேண்டும். தோட்டங்கள் நகராகிவிட்ட சூழலில் இதற்குக் காலம் மிகக் குறைவு. அடுத்து, திரைப்பாடல், பக்திப்பாடல் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வேடுகளில் இராகம், தாளம் என்பவற்றோடு ஒலிநிறத்துக்கும் ஓர் இயல் ஒதுக்கப்பட வேண்டும். அவ்வியலில் ‘இனிமையாக உள்ளது’ என்னும் தொடர் வருமிடத்தில் எதனால், எவ்வாறு என்னும் வினாக்களை நெறியாளர் எழுப்புதல் வேண்டும்.